விரலை எடுப்பதும் ஒரு செய்தி: தமிழ் அடிப்பவருக்கு எந்தக் கீபோர்ட்?

மட்டக்களப்பில் கீபோர்ட் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்ததாகத் தமிழ் எழுத்து ஒட்டியது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடலாம். கீபோர்ட் எழுத்தை அனுப்புவதே இல்லை. இந்த இடத்து விசை அமுங்கியது, இந்த இடத்து விசை விடுபட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. அதை 'அ' ஆக்குவதும் 'ம' ஆக்குவதும் கணினிக்குள் இருக்கும் மென்பொருள். எனவே நீங்கள் எந்த முறையில் தமிழ் அடிக்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். கீபோர்ட் அதற்குப் பின்னால் வரட்டும்.

'மட்டக்களப்பு' என்ற பெயரையே பாமினி, தமிழ்99, அஞ்சல் ஆகிய மூன்று முறையிலும் அடித்துப் பார்ப்போம். நமது அச்சகங்களிலும் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் புழங்கும் பாமினியில் 11 எழுத்து விசைகள், கடைசிப் 'பு'வுக்கு ஒரு ஷிஃப்ட்: மொத்தம் 12. தமிழ்99இல் 9 விசைகள் போதும், ஷிஃப்ட் தேவையில்லை. ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் அஞ்சல் முறையில் 13, 'ள'வுக்கு ஷிஃப்டும் சேர 14. ஒவ்வொரு விசைக்கும் அமுங்கல் ஒன்று, விடுபடல் ஒன்று. ஆக ஒரே ஊர்ப் பெயருக்குக் கணினி பெறும் செய்திகள் 24, 18, 28.

1981இல் வந்த ஐபிஎம் பீசியில் இந்தச் செய்திகள் வெறும் எண்கள். பாமினியில் 'பு' அடிக்க இடது ஷிஃப்டை அமுக்கினால் 42, ஜி விசையை அமுக்கினால் 34, ஜியை விட்டால் 162, ஷிஃப்டை விட்டால் 170. அமுங்கிய எண்ணோடு 128ஐக் கூட்டினால் விடுபட்ட எண் கிடைத்துவிடும். அழகான ஏற்பாடு. 1987இல் வந்த பிஎஸ்/2 வட்டச் செருகியில் கம்பிவழி போகும் எண்கள் வேறு, ஆனால் விடுபடலுக்கென்று தனிச் செய்தி அங்கும் உண்டு. இப்போது எல்லோரும் பாவிக்கும் யுஎஸ்பியில் அது இல்லை. ஆசிரியர் இடாப்புக் கூப்பிடுவதைப் போல, கணினிதான் சில மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை கீபோர்டைக் கேட்கிறது. எளிய கீபோர்டின் பதில் 8 பைட் நீளம்: ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒரு பைட், வெறுமையாக ஒன்று, அமுங்கியிருக்கும் விசைகளுக்கு ஆறு. போன பதிலில் இருந்த விசை இந்தப் பதிலில் இல்லையென்றால், அது விடுபட்டுவிட்டது என்று கணினி எடுத்துக்கொள்ளும்.

தமிழ் அடிப்பவருக்கு இது ஏன் முக்கியம்? பாமினியிலும் அதே குடும்பத்து ரெங்கநாதன் அமைப்பிலும் கு, பு, து, ளு எல்லாம் ஷிஃப்டில் இருக்கின்றன. 'புளியந்தீவு' அடிக்கும்போது 'பு' முடிந்து ஷிஃப்ட் மேலே எழும்பச் சற்றுத் தாமதித்தால் அடுத்த 'ள', 'ளு'வாகிவிடும், அதன்மேல் இகரக் குறியும் வந்து குந்தும். பழகிய விரலுக்கும் இது நேரும், ஏனெனில் விசைக்கடியில் இருக்கும் களைத்த ரப்பர் மெதுவாகத்தான் மீளும். பாமினிக்காரருக்கு ஷிஃப்ட் எப்படி அமுங்குகிறது என்பதைவிட எப்படி மேலே வருகிறது என்பதுதான் பெரிது. நாள் முழுக்க மரண அறிவித்தலும் கல்யாணக் கார்டும் அடிக்கிறவர் சுருள்வில் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டுக்குச் செலவழிப்பது நியாயமான செலவு என்பேன்.

தமிழ்99இன் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. விசைக்குள் இருக்கும் தொடுமுனை ஒரே தடவையில் பொருந்தாது, சில மில்லிசெக்கன் துள்ளும். கீபோர்டுக்குள் இருக்கும் சிப் அந்தத் துள்ளலைப் பொறுத்திருந்து ஒரே அமுக்கலாகக் கணக்கெடுக்கும். தொடுமுனை தேய்ந்தாலோ கறை பிடித்தாலோ துள்ளல் நீண்டு, ஒரு தட்டு இரண்டாகப் பதியும். ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் தமிழ்99 முதலாவதற்குத் தானாகவே புள்ளி வைக்கும். 'படம்' பட்டமாகும், 'கடை' கட்டையாகும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் பிடிக்காது, களைத்த கண்ணும் பிடிக்காது. பாமினியில் இதே கோளாறு 'படடம்' என்று பல்லிளித்துக்கொண்டு நிற்கும். ஆகவே தமிழ்99 அடிப்பவர் பழைய, மலிவான மெக்கானிக்கலை வாங்கவே கூடாது. புதிய சாதாரண ரப்பர் கீபோர்டே அவருக்கு மேல். ஷிஃப்ட் பெரும்பாலும் கிரந்த எழுத்துக்கே தேவைப்படுவதால் மெதுவாக எழும்பும் ரப்பரும் அவரைத் தொந்தரவு செய்யாது.

கல்லடி, காத்தான்குடிப் பக்கம் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக்காற்றும் மாரி ஈரமும் இந்தத் தொடுமுனைகளுக்குக் கூடாதவை. துணிமூடி ஒன்று தைத்துப் போடுங்கள், மழைக்காலத்தில் மறக்காதீர்கள்.

ஒலிப்பு முறையில் அடிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு மலிவான யுஎஸ்பிக் கம்பிக் கீபோர்ட் தாராளம்.

கம்பியில்லாதது நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கடிதம், மின்னஞ்சலுக்கு நல்லது. ஆனால் அமுங்கிய செய்தி வந்து சேர்ந்து விடுபட்ட செய்தி காற்றில் தொலைந்தால், விரல் இன்னும் விசைமேல் இருப்பதாகவே கணினி நம்பும். எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போகும். பற்றரி இறங்கும் காலத்தில் இது நடக்கக்கூடும். தொழிலுக்கு அடிப்பவருக்குக் கம்பிதான்.

இனிக் கடையில் செய்யவேண்டியது. நோட்பேடைத் திறந்து, இடது ஷிஃப்டை அமுக்கிப் பிடித்தபடி ஆங்கில எழுத்து எல்லாவற்றையும் அடியுங்கள், பிறகு வலது ஷிஃப்டோடும் அடியுங்கள். எழுத்து ஒன்றாவது விழாமல் போனால் அந்தக் கீபோர்டை விட்டுவிடுங்கள். இரண்டு விசை மட்டும் ஒன்றாக அமுங்கும்போது எந்தக் கீபோர்டும் தவறக் கூடாது, மூன்று என்றால்தான் சிக்கல்: ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி கிடையாது, நிரை நிரலாகக் கட்டப்பட்ட வலை அது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகள் ஒன்றாக அமுங்கினால் நான்காவதும் அமுங்கியதுபோலத் தெரியும். அந்தப் பேயெழுத்தைத் தவிர்க்கவே மலிவுக் கீபோர்டுகள் மூன்றாவது விசையைச் சொல்லாமல் மறைத்துவிடுகின்றன. விசைக்கொரு டயோட் வைத்தவற்றில் இந்தச் சிக்கல் வராது. எனவே இரண்டு ஷிஃப்டையும் ஒன்றாகப் பிடித்து அடிப்பது இன்னும் கடினமான சோதனை, அதில் சில எழுத்து தவறினால் மன்னிக்கலாம். அடுத்து ஷிஃப்ட் இல்லாமல் ஒவ்வொரு விசையையும் ஒரு தடவை மெதுவாகத் தட்டுங்கள். எந்த எழுத்தாவது இரட்டித்து விழுந்தால், தமிழ்99காரர் விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

வீட்டில் பழைய வட்டச் செருகிக் கீபோர்ட் கிடந்தால் எறியாதீர்கள். கணினி கேட்கும்வரை காத்திராமல் தானே செய்தி அனுப்பும் வகை அது, ரப்பர் களைக்காதிருந்தால் பாமினிக்கு இன்றும் குறையில்லாதது. கணினியை அணைத்துவிட்டே அதைச் செருகுங்கள், ஓடும்போது செருகினால் துறை பழுதாகலாம்.