பிரிக்காமலே படிக்கும் புரதம்

அன்புள்ள கயல்,

டி.என்.ஏ. ஏணியின் எழுத்துகள் உள்பக்கமாக இருக்க, ஏணியைப் பிரிக்காமல் புரதம் எப்படித் தன் இடத்தை அடையாளம் காண்கிறது என்று கேட்டிருந்தாய். பாடநூலில் பூட்டும் சாவியும் வரைந்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் படம் பிடிக்காது. சாவி தன் பூட்டைத் தேடி அலையும் கதை அதில் இல்லையே!

ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள். லாக்டோஸ் கிடைக்காத நேரத்தில் அதைச் செரிக்கும் நொதிகளை உண்டாக்குவது வீண் செலவு. அப்போது லாக் அடக்கி என்ற புரதம் அந்த நொதிகளுக்கான மரபணுக்களின் தொடக்கத்தில், இருபது சொச்சம் கார இணைகள் (எழுத்துச் சோடிகள்) கொண்ட ஆபரேட்டர் மீது அமர்ந்துகொள்ளும். இப்படியோர் அடக்கி இருக்க வேண்டும் என்று பாரிஸில் ஜேக்கபும் மோனோவும் 1961இல் எழுதினார்கள். 1966இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்தே காட்டினார்கள்.

இனி உன் கேள்வி. எழுத்துகள் முழுவதும் மறைந்திருக்கவில்லை. டி.என்.ஏ. சுருளின் பெரிய பள்ளத்தில் ஒவ்வொரு கார இணையின் ஓரமும் வெளியே தெரியும். அங்கே ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஹைட்ரஜன் தரும் அணுத்தொகுதிகளும் அதை ஏற்கும் அணுக்களும் வரிசையாக நிற்கும். தைமினின் மீத்தைல் குழு துருத்திக்கொண்டிருக்கும். அ-தை (அடினின்-தைமின்), தை-அ, கு-சை (குவானின்-சைட்டோசின்), சை-கு நான்குக்கும் நான்கு வேறு வரிசைகள். சிறிய பள்ளத்திலோ அ-தையும் தை-அவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சீமன், ரோசன்பெர்க், ரிச் மூவரும் இதை 1976இல் விளக்கினார்கள். லாக் அடக்கியின் சிறிய ஆல்ஃபா சுருள் ஒன்று பெரிய பள்ளத்துக்குள் நுழைந்து இந்த ஓரங்களைத் தொட்டறிகிறது. பொதுவாக, புரதத்தின் அமினோ அமிலங்களில் ஆர்ஜினின் குவானினோடும், குளுட்டமின் அடினினோடும் பிணைய விரும்பும். வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துவிடாதே, விதிவிலக்குகள் ஏராளம். டி.என்.ஏ. எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதும் கணக்கில் வரும்.

சரி, 46 லட்சம் இணைகளுக்குள் அந்த இடத்தைத் தேடுவது எப்படி? 1970இல் ரிக்ஸ் குழு சோதனைக்குழாயில் அளந்தபோது, வெறும் விரவலால் முடியக்கூடிய வேகத்தையே இந்தப் புரதம் மிஞ்சியது. அதன் நேர்மின் அமினோ அமிலங்கள் டி.என்.ஏ.வின் எதிர்மின் பாஸ்பேட்டுகளால் ஈர்க்கப்பட்டு எங்காவது ஒட்டிக்கொள்ளும். பிறகு, இருட்டில் கைப்பிடிச் சுவரைத் தடவியபடி படியிறங்குவதுபோல், டி.என்.ஏ. நெடுகிலும் வழுக்கிச் செல்லும். இடையிடையே தாவவும் செய்யும். உயிருள்ள பாக்டீரியாவிலும் இப்படித்தான் என்று 2012இல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், சரியான இடத்தையே அது பலமுறை தாண்டிப்போய்த் திரும்பி வந்துதான் பிடிக்கிறது.

லாக்டோஸ் வந்ததும் அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் அடக்கியோடு சேர்ந்து அதன் வடிவத்தை மாற்றும், பிடி தளரும்.

புரதத் தரவு வங்கியின் இணையதளத்தில் லாக் அடக்கியின் முப்பரிமாணப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. சுழற்றிப் பார்த்து, எந்தச் சுருள் பள்ளத்துக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா