ஏர்வாடியும் தவா-துவாவும்: நோயாளி ஏன் மருத்துவர் சொல்லைக் கேட்பதில்லை? – முக்கியக் குறிப்புகள்

• இடம்: ஏர்வாடி, கீழக்கரை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம். சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா தர்கா இங்குள்ளது. மனநோயாளிகளை இங்கே கொண்டுவந்து தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். இந்துக் குடும்பங்களும் வருகின்றன. குணமாகிவிட்டது, ஊருக்குப் போகலாம் என்று கனவில் உத்தரவு கிடைக்கும்வரை பலர் காத்திருப்பார்கள்.

• 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீ. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இறந்தோர் 28. (உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கின் தலைப்பில் 25 என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.) எரிந்தது தனியார் காப்பகம், தர்கா அல்ல.

• ஒரே வாரத்தில் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்பில் வந்தனர்.

• 2002 பிப்ரவரி 5 உத்தரவு: மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும், மனநோயாளிகளைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அல்ல, மருத்துவரிடம் அனுப்பும்படி மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியும் ஏர்வாடிக்கு வருவோர் நிற்கவில்லை.

• காரணத்தை 'அறியாமை' என்று ஒரு வரியில் எழுதினால் விடை பாதிதான். மனநோய் மருந்தின் பலன் தெரிய வாரங்கள் ஆகும். நடுக்கமும் தூக்கக் கலக்கமும் உடனே தெரியும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நம்புவதே சிலருக்கு நோயின் அறிகுறி. கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மருத்துவமனைக்குப் போய்வரும் நாளில் கூலி போகும். இவற்றையெல்லாம்விடப் பெரியது ஊர்ப்பேச்சு: வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும்போது 'தர்காவுக்குப் போகிறோம்' என்பது வாயில் எளிதாக வரும், 'மனநல டாக்டரிடம் போகிறோம்' என்பது வராது.

• தவா-துவா திட்டம்: தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. முன்னோடி, குஜராத் மாநிலம் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்கா. தமிழக அரசு இதை ஏர்வாடிக்குக் கொண்டுவந்தது. தொழுகையை விடு என்று யாரும் சொல்வதில்லை. மனநல மருத்துவர் தர்காவுக்கே வருகிறார், மாத்திரை இலவசம். நீதிமன்றம் காட்டிய வழிக்கு நேர் எதிர்த்திசை இது; என் கணிப்பில் நடைமுறைக்கு ஒத்துவருவதும் இதுவே.

• வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்த நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) மருத்துவர் இரகுராம் குழுவின் கட்டுரை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. நோய்க்குறி மதிப்பெண் சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், மருந்து தேவையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

• ஒப்பீடு, காசநோய்: சென்னை காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது 1956, வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்று காட்டிய ஆய்வு 1959. அங்கே திடீரென வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். நேரில் பார்த்து விழுங்கவைக்கும் முறைக்கு ஒரு வேர் இங்கே.

• உலக சுகாதார நிறுவன அறிக்கை, 2003: வளர்ந்த நாடுகளிலும் நாள்பட்ட நோயாளிகளில் சுமார் 50 விழுக்காட்டினரே சிகிச்சையை முறையாகத் தொடர்கிறார்கள்.

• மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. பிரிவு 95 சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. பிரிவு 5-இன்படி, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது.