கருப்பையைத் தாங்கும் தூளி

நிறைசினை மாடு படுத்திருக்கும்போது பின்னால் சிவப்பாகப் பந்து மாதிரி பிதுங்கும். எழுந்து நின்றால் உள்ளே போய்விடும். "சூட்டுல வந்தது, சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். அது சூடு இல்லைங்க, உள்ளே நார் தளர்ந்ததற்கு அடையாளம்.

கருப்பை வயிற்றுக்குள் சும்மா கிடப்பதில்லை. இடுப்பின் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் அகன்ற சவ்வு இறங்கி, பிள்ளையைத் தூளியில் போட்ட மாதிரி அதைத் தாங்குகிறது. இணைப்புத் திசுவும் கொஞ்சம் தசையும் சேர்ந்தது இந்தச் சவ்வு. கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் இதற்குள்தான் ஓடுகிறது. இதை மனசில் வையுங்கள்.

சினை முற்றும்போது ஈஸ்ட்ரோஜன், ரிலாக்சின் என்ற சுரப்புகள் இடுப்பு நார்களை இளக்கும். கன்று வெளியே வர வழி வேண்டுமே! வாலின் இருபுறமும் குழி விழுவது இதனால்தான். மூத்திரம் வடியட்டும் என்று கொட்டகைத் தரையைப் பின்பக்கம் சரிவாகப் போடுகிறோம். நார் இளகிய மாடு அதில் படுத்தால் வயிற்றுப் பாரமெல்லாம் பின்னால் அழுத்தி, பிறப்புவழி பிதுங்குகிறது. அதனால் கடைசி 2 மாதம் சமதரையில் கட்டுங்கள். பிதுங்குகிற மாட்டுக்குப் பின்னங்கால் பக்கம் மண் கொட்டி மேடாக்குங்கள். கழுவிவிட்டுக் கற்றாழைச் சோறும் மஞ்சளும் தடவலாம், எரிச்சல் அடங்கும். ஆனால் தளர்ந்த நாரை அது இறுக்காது. அடுத்த சினையிலும் வரக்கூடும். அந்த வழிக் கன்றைத் தாய்க்கு விடும்முன் யோசியுங்கள்.

கன்று போட்டபின் தள்ளுவது வேறு. அது கருப்பையே. சட்டைக் கையை உள்வெளியாக இழுத்த மாதிரி புரண்டு தொங்கும்; மேலே பொத்தான் பொத்தானாக இருக்கும். கன்றை முரட்டுத்தனமாக இழுப்பதும், சுண்ணாம்புச்சத்துக் குறைவும் முக்கியக் காரணங்கள்.

உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை மாட்டை நடத்தவே கூடாது. தொங்குகிற பாரம் சவ்வை இழுத்து, அதற்குள் ஓடும் தமனி அறுந்தால், ரத்தம் உள்ளேயே கொட்டி நிமிஷத்தில் மாடு செத்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சாணி, மண்ணைக் கழுவுங்கள். நனைத்த வேட்டியில் ஏந்தி, பிறப்புவழி மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். சர்க்கரை தூவினால் வீக்கம் வற்றும். நஞ்சுக்கொடியைப் பிய்க்க வேண்டாம். நாய், காக்கையை அண்ட விடாதீர்கள்.

தூளிக் கயிறு தளர்ந்தால் பிள்ளையை நாம் கையில் ஏந்திக்கொள்வோம் அல்லவா? இங்கேயும் அதுதான் வேலை.