ஜேட் கல் - தேர்வும் தெளிவும்

முன்னுரை

மதுரை மாநகரின் மணிக்கடைத் தெருவைக் காட்டும் இளங்கோவடிகள், ஊர்காண் காதையில் மணிகளின் நலத்தோடு அவற்றின் குற்றங்களையும் எண்ணிக் கூறுகிறார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்பன வயிரத்தின் குற்றங்கள். குற்றம் தேர்ந்த பின்னரே குணம் பேசுதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். அங்குக் கூறப்பெறும் ஒன்பது மணிகளுள் ஜேட் இல்லை. பச்சை நிறம் பற்றி அதனை மரகதத்தோடு மயங்குவோரும் உளர். மரகதம் பெரில் இனத்தைச் சார்ந்த படிகம். ஜேட் முற்றிலும் வேறானது. சீனரும் பாரசீகரும் போற்றிய இக்கல்லைத் தேரும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெயர், இரு கற்கள்

ஜேட் என்னும் ஒரு பெயருக்குள் இரண்டு கற்கள் அடங்கும். ஒன்று நெஃப்ரைட், மற்றொன்று ஜேடைட். இவை வெவ்வேறு கனிமங்கள் என்பதை 1863-இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் தமூர் நிறுவினார். சீனர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கி வந்தது நெஃப்ரைட். கோத்தன் ஆற்றுப்படுகைகள் அதற்குப் பெயர்பெற்றவை. ஜேடைட், பர்மாவின் கச்சின் மலைப்பகுதியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் சீனத்துக்கு மிகுதியாகச் சென்றது. நெஃப்ரைட்டில் நுண்ணிய நார்களும், ஜேடைட்டில் நுண்மணிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆதலின் இரண்டும் எளிதில் உடைவதில்லை.

கண்ணும் கத்தியும் போதா

கையிலெடுத்தால் குளிர்ச்சி, தட்டினால் இனிய ஓசை, கத்தியால் கீறினால் கீறல் விழாமை ஆகியவற்றை வணிகர் சான்றாகக் கூறுவர். செர்பண்டைன் என்னும் மெல்லிய பச்சைக்கல்லைக் கத்தி பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆயின் பச்சைக் குவார்ட்ஸ் ஜேடைவிடக் கடினமானது, அதுவும் குளிர்ந்திருக்கும், அதிலும் கத்தி பாயாது. எனவே இச்சோதனைகள் சில போலிகளை விலக்க உதவுமேயன்றி, மெய்யை நிறுவ உதவா. மேலும், கீறிப் பார்ப்பது நல்ல கல்லையும் கெடுக்கும்.

அல்பீரூனி காட்டிய வழி

கி.பி. 973-இல் பிறந்த பேரறிஞர் அல்பீரூனி, கற்களை நீரிலிட்டு, வழியும் நீரை எடையிட்டு, அவற்றின் ஒப்படர்த்தியைக் கணித்தார். மணிகள் பற்றிய தம் கிதாபுல் ஜமாஹிர் நூலில், யஷ்ம் எனப்படும் ஜேட் கோத்தன் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கிடைப்பதையும் குறித்துள்ளார்.

இன்றும் அம்முறையே துணையாகிறது. காற்றில் 100 கிராம் எடையுள்ள கல்லை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால், ஜேடைட் ஏறத்தாழ 30 கிராம் எடை குறையும். நெஃப்ரைட் 34 கிராம் குறையும். குவார்ட்ஸ் 38 கிராமும், செர்பண்டைன் 39 கிராமும் குறையும். ஒப்படர்த்தி முறையே 3.33, 2.95, 2.65, 2.57 ஆகும். கண்ணாடியின் அடர்த்தி பலவாறு மாறுவதால், அதனைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் தெரியும் காற்றுக் குமிழிகளைக் கொண்டு அறியலாம். மோதிரத்தில் பதித்த கல்லை இவ்வாறு நிறுக்க இயலாது. ஆங்கு ஒளிவிலகல் எண் துணைசெய்யும்: ஜேடைட்டுக்கு 1.66, நெஃப்ரைட்டுக்கு 1.61 அளவில் அமையும்.

தரம் காணல்

மெய்க்கல் எனத் தெளிந்தபின் தரம் காணல் வேண்டும். நிறம், ஒளி ஊடுருவும் தன்மை, இழைமென்மை, பிளவின்மை ஆகிய நான்கும் நோக்கத்தக்கன. ஜேடைட்டில் குரோமியம் தரும் செறிந்த பசுமை தலைசிறந்தது. நெஃப்ரைட்டிலோ ஆட்டுக்கொழுப்புப் போன்ற வெண்மையே விழுமியது. பசுமையை மட்டும் தேடுவோன் இவ்வெண்மணியை வீசியெறிவான்!

இங்கு மற்றொரு வஞ்சமும் உண்டு. இயற்கையான ஜேடைட்டை ‘ஏ’ வகை என்பர். அமிலத்தால் கறை நீக்கிப் பிசின் ஊட்டியது ‘பி’ வகை. சாயம் ஏற்றியது ‘சி’ வகை. ‘பி’ வகை இன்று அழகாக மின்னும். காலப்போக்கில் பிசின் கெட்டு ஒளி மங்கும். சாயம் பிளவுகளில் தேங்கி நிற்பதை உருப்பெருக்கி காட்டும். பிசினையோ ஆய்வகத்தின் அகச்சிவப்புக் கதிர் ஆய்வே உறுதியாகக் காட்டவல்லது. எனவே விலையுயர்ந்த கல்லை ஆய்வகச் சான்றின்றி வாங்குதல் தகாது.

முடிவுரை

பி, சி வகைகளும் ஜேடே. அவற்றை விற்பதில் குற்றமில்லை. மறைத்து விற்பதே குற்றம். ஈரத் தானியத்தை உள்ளே வைத்து உலர்ந்ததை மேலே பரப்பிய வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பிசினூட்டிய கல்லுக்கும் அந்நெறி பொருந்தும். கல்லின் மெய்யைத் தராசும் ஆய்வகமும் காட்டும். விற்பவர் மெய்யை அவர்தம் சொல்லே காட்டும். வாங்குவோர் முன்னதைக் கற்க வேண்டும். விற்போர் பின்னதைக் காக்க வேண்டும்.