நீள்வட்ட வில்லின் முனைகளும் துணையலகும்

பெங்களூரில் 1961 ஜூன் 17ஆம் நாள் ‘மாருத்’ விமானமும், 2001 ஜனவரி 4ஆம் நாள் ‘தேஜஸ்’ விமானமும் முதன்முதலாக வானில் எழுந்தன. பின்னது கணிப்பொறியின் துணைகொண்டு வரையப்பெற்றது. விமான உடலின் வடிவைக் கூம்பு வளைவுகளால் வரையறுக்கும் முறையோ அதனினும் பழையது. அமெரிக்கராகிய ராய் லைமிங் அதனை விளக்கி 1944இல் நூல் வெளியிட்டார்.

ஓர் உறுப்பின் விளிம்பிற்கு முழு நீள்வட்டம் வேண்டியிராது. அதன் ஒரு வில்லே போதும். அவ்வில் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை முனைப்புள்ளிகளின் ஆயத்தொலைகளாலோ, துணையலகின் இரு மதிப்புகளாலோ குறிக்கலாம். ஆயத்தொலைகளைத் தோராயமாக எழுதினால், புள்ளி வளைவினின்றும் சற்றே விலகக்கூடும். துணையலகால் குறித்த புள்ளி வளைவின் மீதே அமையும். இதுவே அம்முறையின் சிறப்பு.

ஆயினும் ஈண்டு ஒரு மயக்கம் நேர்கிறது. அரை நெட்டச்சு 100 மி.மீ., அரைக் குற்றச்சு 50 மி.மீ. உள்ள நீள்வட்டத்தைக் கொள்க. மையத்திலிருந்து நெட்டச்சு வழியே உள்ள தூரம், 100ஐத் துணையலகின் கொசைனால் பெருக்கக் கிடைப்பது. குற்றச்சு வழியே உள்ள தூரம், 50ஐ அதன் சைனால் பெருக்கக் கிடைப்பது. துணையலகு 45 பாகையாயின் அத்தூரங்கள் 70.7, 35.4 மி.மீ. ஆகும். மையத்திலிருந்து அப்புள்ளிக்கு வரையும் கோடு நெட்டச்சுடன் ஏறத்தாழ 26.6 பாகையே சாய்ந்திருக்கும். துணையலகை இச்சாய்வுக் கோணமெனக் கொள்பவர், 44.7, 44.7 மி.மீ. தூரங்களில் முனையை வைப்பார். பிழை ஏறத்தாழ 27.6 மி.மீ.; உறுப்புகள் பொருந்தமாட்டா.

0, 90, 180, 270 பாகைகளில் இவ்விரு கோணங்களும் ஒன்றே. ஆதலின் கால் நீள்வட்டத்தை மட்டும் வரைந்து சோதிப்போர்க்கு இப்பிழை புலப்படாது.

ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே காட்டலாம். ஒரே மையத்தில், அரையச்சுகளை ஆரங்களாகக் கொண்டு இரு வட்டங்கள் வரைக. மையத்திலிருந்து 45 பாகையில் ஒரு கோடு இழுக்க. அது பெரிய வட்டத்தை வெட்டுமிடத்திலிருந்து குற்றச்சுக்கு இணையாகவும், சிறிய வட்டத்தை வெட்டுமிடத்திலிருந்து நெட்டச்சுக்கு இணையாகவும் கோடுகள் வரைக. அவை சந்திக்கும் புள்ளியே நீள்வட்டத்தின் மீதுள்ள புள்ளி. அது 45 பாகைக் கோட்டின் மீது இராமையை மாணவர் கண்ணாரக் காண்பர்.

நீள்வட்டம் மூடிய வளைவாதலின் ஒரே இரு முனைகளுக்கு இடையே இரண்டு விற்கள் உண்டு. எனவே செல்லும் திசையையும் குறித்தல் வேண்டும். பரவளையத்திற்கு இத்தொல்லை இல்லை. அதன் துணையலகு கோணமன்று, வெறும் எண்ணேயாம். பாகையை ரேடியனாக மாற்றும்போது அவ்வெண்ணையும் உடன் மாற்றிவிடலாகாது.

ஆகவே வரைபடக் கோப்பை மற்றோர் அலுவலகத்திற்கு அனுப்புவோர், துணையலகின் பொருள், கோண அலகு, திசை ஆகிய மூன்றையும் தெளிவுறக் குறித்தல் வேண்டும். பெறுவோர், அச்சுகளின் மீது அமையாத முனையொன்றைத் தாமே கணக்கிட்டு ஒப்பிட்ட பின்னரே வேலையைத் தொடங்குதல் நன்று.