விற்றமின் மாத்திரை: கூடப் போட்டால் கூடப் பலனா?



இந்த முறை நாம் படிக்கப் போவது, நம்மில் பலருடைய வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளைப் பற்றி. லயத்துக் காம்பராவில் சாமிப்படத் தட்டைப் பார்த்தால் ஒரு சின்னப் பையில் மாத்திரை கிடக்கும். சிவப்பு, மஞ்சள், சீனி பூசியது என்று பல நிறம். "அது ஒண்ணுமில்லீங்க, சும்மா சத்து மாத்திரைதான்" என்று சொல்லுவோம். அந்த "சும்மா" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

ஒரு அக்காவை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். வலப்பனைப் பக்கம் மலையில் இருபது வருடமாகக் கொழுந்து எடுக்கிறவர். கொஞ்ச நாளாக விரல் மரத்துப் போகிறது. பக்கத்து லயத்துத் தங்கச்சி சொல்கிறாள்: "டவுன்ல பார்மசியில விற்றமின் பி மாத்திரை கேளுங்க அக்கா, நரம்புக்கு நல்லதாம்." அக்கா வாங்கிப் போடுகிறார். குறையவில்லை. "ஒண்ணு பத்தாது போல" என்று ரெண்டாக்குகிறார், பிறகு மூன்றாக்குகிறார். சில மாதம் போனதும் பாதமும் மரக்கிறது. அக்கா இன்னும் கூட்டுகிறார்.

மருந்து போதவில்லை என்று அக்கா நினைக்கிறார். மருந்தே காரணமாக இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாம் சொல்லுவோம்.

விற்றமின் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் சோறும் மாவும் உடம்புக்கு எரிபொருள். பருப்பும் மீனும் சதைக்கு. இவற்றோடு மிக மிகச் சிறிய அளவில் சில பொருட்கள் உடம்புக்கு வேண்டும். அவை இல்லாவிட்டால் கண் மங்கும், ஈறில் இரத்தம் வரும், எலும்பு வளையும், கை கால் செயலிழக்கும். இப்பொருட்களுக்கு 1912ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் பிறந்த விஞ்ஞானி காசிமிர் பங்க் வைத்த பெயர்தான் விற்றமின்.

"மிகச் சிறிய அளவு" என்றோம். எவ்வளவு சிறிது? பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய விற்றமின் பி6 ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். ஒரு கிராமில் ஆயிரம் மில்லிகிராம் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தச் சிறிய அளவைச் சோறு, பருப்பு, மீன், முட்டை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு ஆகியவற்றிலிருந்தே பெறலாம்.

விற்றமின்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை நீரில் கரைவது. பி வகைகளும் சியும் இதில் சேரும். மிஞ்சியதில் பெரும் பகுதி சிறுநீரில் போய்விடும்.

இரண்டாவது வகை கொழுப்பில் கரைவது. ஏ, டி, ஈ, கே என்பவை. இவை சுலபமாக வெளியே போகாது. முக்கியமாக ஏ ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். அரிசிப் பெட்டியில் அரிசி கொட்டுவது போல, பெட்டி நிறைந்த பிறகும் கொட்டினால் வெளியே சிந்தும். அப்படிச் சிந்துவதுதான் நஞ்சாக வேலை செய்கிறது.

அசாமில் நடந்தது

இந்தப் பாடத்தை நம்மைப் போன்ற தேயிலை நாடொன்று மிகவும் கஷ்டப்பட்டுப் படித்தது. இந்தியாவின் அசாம் மாநிலம் தேயிலைக்குப் பேர்போனது. அங்கே 2001ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி, சிறு பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ பாணி கொடுக்கும் பெரிய இயக்கம் நடந்தது. நோக்கம் நல்லது. விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், முற்றினால் பார்வையே போகும், நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். ஆகவே ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 இலட்சம் அலகு கொடுப்பது உலகச் சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட முறை. அந்தப் பாணியில் 2 மில்லிலீட்டரில் 2 இலட்சம் அலகு இருந்தது.

வழக்கமாக அளப்பதற்கு 2 மில்லிலீட்டர் கரண்டி இருந்தது. அந்த முறை அதற்குப் பதிலாக 5 மில்லிலீட்டர் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் கப் வந்தது. கப்பில் கோடு இருந்தாலும், அவசரத்தில் கோட்டைப் பார்க்காமல் நிறைய ஊற்றினால் என்ன ஆகும்? 2 இலட்சத்துக்குப் பதில் 5 இலட்சம் அலகு பிள்ளையின் வயிற்றுக்குள் போகும்.

அதன்பின் ஏராளமான பிள்ளைகள் வாந்தி, தலைவலி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சில பிள்ளைகள் இறந்ததாகவும் செய்தி வந்தது. அந்த இறப்புகளுக்கு இந்த மருந்துதான் காரணமா என்பதில் பெரிய தகராறு எழுந்து, விஷயம் கவுஹாத்தி உயர் நீதிமன்றம் வரை போனது. நாம் அந்தத் தகராறுக்குள் போகத் தேவையில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மருந்து அதே மருந்து, பிள்ளையும் அதே பிள்ளை, மாறியது கரண்டி மட்டுமே.

இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் கிளினிக்கில் கொடுக்கிற விற்றமின் வேண்டாம்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது பெரும் பிழை. நம் நாட்டுக் கிளினிக்கிலும் பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ கொடுக்கிறார்கள். அதைக் கணக்காக, குறித்த இடைவெளியில் கொடுத்து, பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் பதிகிறார்கள். அந்தப் பதிவுதான் பாதுகாப்பு. ஆகவே இன்னொரு இடத்தில் பிள்ளையைக் காட்டும்போதும் அந்தப் புத்தகத்தைக் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை என்று இரட்டிப்பாகிவிடும்.

விற்றமின் ஏ மிஞ்சினால் எப்படித் தெரியும்?

ஒரே நேரத்தில் அதிகம் போனால் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வரும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைக்கும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சினால் தோல் காயும், உதடு வெடிக்கும், முடி கொட்டும், எலும்பு நோகும், ஈரல் கெடும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. சத்துக் குறைந்தாலும் தோல் காயும், மிஞ்சினாலும் தோல் காயும். "தோல் காயுதே, சத்துக் குறைவு போல" என்று இன்னும் விழுங்குகிறவர் தீயை அணைக்க எண்ணெய் ஊற்றுகிறார்.

கர்ப்பிணித் தாய்மார் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கருவின் உறுப்புகள் உருவாகிற முதல் மாதங்களில் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் பிள்ளைக்கு அங்கக் குறை வரக்கூடும். ஒரு நாளைக்கு 10,000 அலகுக்கு மேல் போகக் கூடாது. மாட்டு ஈரல் 100 கிராமிலேயே அதைவிடக் கூடுதலாக இருக்கும். பிரித்தானியாவில் கர்ப்பிணிகள் ஈரலையும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையையும் தவிர்க்கும்படி சுகாதாரத் துறை சொல்கிறது. "உண்டாகியிருக்கிற பிள்ளைக்கு ஈரல் நல்லது" என்று அன்பாகத் தினமும் ஆக்கிக் கொடுக்கிற மாமியார்மாருக்கு இதை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் கரட்? பயப்பட வேண்டாம். நுவரெலியாப் பக்கத்துக் கரட், பூசணி, பப்பாசி, முருங்கைக் கீரை இவற்றில் இருப்பது விற்றமின் ஏ ஆகாத மூலப்பொருள். உடம்பு தனக்கு வேண்டிய அளவை மட்டும் மாற்றிக்கொள்ளும். தினமும் நிறையக் கரட் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகலாம். கண்ணின் வெள்ளை மஞ்சளாகாது. கண்ணும் மஞ்சளானால் அது காமாலையாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

அக்காவின் விரலுக்கு என்ன ஆனது?

இப்போது நம் அக்காவிடம் திரும்பி வருவோம். பி வகை நீரில் கரைவது, மிஞ்சினால் சிறுநீரில் போகும் என்று சொன்னோம். ஆகவே அதனால் கெடுதலே வராது என்றுதான் வைத்தியர்களும் நீண்ட காலம் நம்பினார்கள். 1983ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர்கள் அந்த நம்பிக்கையைத் திருத்தினார்கள். நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை விற்றமின் பி6 போட்டுவந்த ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்குப் பாதமும் கையும் மரத்து, நடை தள்ளாடியது. காரணம், மிஞ்சிய பி6 உணர்ச்சி நரம்பையே தாக்கியது. மாத்திரையை நிறுத்திய பிறகு தேறினார்கள். ஆனால் அதற்கு மாதக்கணக்கானது, எல்லாருக்கும் முழுமையாகத் தீரவும் இல்லை.

"அவங்க கிராம் கணக்கில போட்டாங்க, நாம ரெண்டு மாத்திரைதானே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பிறகு வந்த ஆண்டுகளில் அதைவிட மிகக் குறைந்த அளவிலும், நீண்ட காலம் போட்டவர்களுக்கு இப்படி வந்தது தெரிந்தது. அதனால்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, பெரியவருக்கான நாளாந்த உச்ச அளவை 2023இல் 12 மில்லிகிராமாகக் குறைத்தது. அவுஸ்திரேலியாவில் 10 மில்லிகிராமுக்கு மேல் பி6 உள்ள மாத்திரைகளில் நரம்பு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2022இல் விதித்தார்கள். கடையில் விற்கும் சில பி மாத்திரைகளில் ஒன்றிலேயே 100 மில்லிகிராம் பி6 இருக்கிறது, சிலவற்றில் 200. அட்டையைத் திருப்பி வாசித்தால் தெரியும்.

கொழுந்து எடுக்கிறவருக்கு விரல்தான் சோறு போடுகிறது. விரல் நுனியில் உணர்ச்சி இல்லாமல் இரண்டு இலையும் மொட்டும் எப்படிப் பார்த்து எடுப்பது? இராகலை, உடபுசல்லாவைப் பக்கத்துச் செங்குத்து மலையில் பாதம் தரையை உணராவிட்டால், அதுவும் மழை நாளில், முதுகில் கொழுந்துச் சுமையோடு, கால் வழுக்க எவ்வளவு நேரம்? இந்தக் கெடுதல் மற்றவர்களைவிட நமக்கு அதிகம் வலிக்கும்.

விரல் மரப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. நீரிழிவு, மணிக்கட்டில் நரம்பு நெரிவது, பி12 குறைவு, அதிக மது ஆகியவை சில. எது என்று பார்த்துச் சொல்ல வைத்தியரால்தான் முடியும். ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடக் கூடியதை, நாம் வருடக்கணக்கில் மாத்திரையால் மூடி வைக்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். காசநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு நரம்பைக் காக்க வைத்தியரே அளவாக பி6 கொடுப்பார். அதை நிறுத்தக் கூடாது. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது. அளந்து கொடுத்ததை அளந்தபடி எடுப்பதுதான் நம் பாடம்.

மற்ற விற்றமின்கள்

சி நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் போனால் வயிற்றோட்டம் வரும். சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம். டி மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. பிள்ளைக்குச் சொட்டாகக் கொடுக்கும் டி மருந்தை மேசைக்கரண்டியால் அளக்கவே கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. மருந்தோடு வந்த கரண்டியால் அல்லது சொட்டுக் குழாயால் மட்டும் அளங்கள். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இராது.

2. ஒன்றுக்கு மேற்பட்ட சத்து மாத்திரை இருந்தால் எல்லா அட்டையையும் தோட்ட டிஸ்பென்சரிக்கு எடுத்துப் போங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே விற்றமின் இருக்கலாம்.

3. குணம் தெரியவில்லை என்று நாமாக அளவைக் கூட்டக் கூடாது. குணம் இல்லை என்பதே வைத்தியரிடம் போவதற்கான காரணம்.

4. மாத்திரையைப் பிள்ளை எட்டாத உயரத்தில் மூடி வையுங்கள். "மிட்டாய்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு பிள்ளை கை நிறைய விழுங்கினால் உயிரே போகலாம்.

5. பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கூடிப் பேசுவோம்

பிள்ளைக் காம்பராவிலோ, பெரட்டு முடிந்த பிறகோ, நாலு பேராக உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

அ. நம் வீட்டில் இப்போது என்னென்ன சத்து மாத்திரை இருக்கிறது? யார் சொல்லி வாங்கினோம்?

ஆ. அசாமில் கரண்டி மாறியதை யாராவது ஒருவர் கவனித்துக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? கிளினிக்கில் கேள்வி கேட்க நமக்கு ஏன் தயக்கம்?

இ. மாத்திரைக்குக் கொடுக்கிற காசில் எத்தனை முட்டை, எத்தனை பிடி கீரை வாங்கலாம்?

இரண்டாவது கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. "மிஸி, இது எதுக்கு? எவ்வளவு? எத்தனை நாளைக்கு?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மிட்வைப் மிஸி அந்தக் கேள்வியைச் சந்தோஷமாக வரவேற்பார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதை, அந்த மூன்று கேள்வியால் நாம் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். நம் அக்காவும் அடுத்த முறை டவுனுக்குப் போகுமுன் டிஸ்பென்சரியில் கையைக் காட்டட்டும்.