பல்பு வாங்குறதுக்கு முன்னாடி மீட்டர் வாங்குங்க

பழைய மாருதி 800, அம்பாசிடர்னு வச்சிருக்கிற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "அக்கா, ராத்திரியில ரோடே தெரியல, எந்த பல்பு போடலாம்?" பல்பை விடுங்க. முதல்ல ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க.

நான் பண்ண தப்பைச் சொல்றேன். எங்க வீட்டு 1998 மாடல் 800-ல இருந்த 60/55 வாட் பல்பைக் கழட்டிட்டு, கடையில சொன்னாங்கன்னு 100/90 போட்டேன். ரெண்டு வாரம் ஜோரா எரிஞ்சுது. அப்புறம் ஒரு நாள் வத்தலக்குண்டு ரோட்டுல, தூறல் நேரத்துல, இடது லைட் கண் சிமிட்ட ஆரம்பிச்சுது. பானெட்டைத் திறந்தா கருகின வாடை. ஹோல்டர் காபி நிறத்துல உருகி பல்பு பின்னோட ஒட்டிக்கிச்சு.

பல பழைய வண்டிகள்ல ஹெட்லைட் கரன்ட் முழுசும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வரைக்கும் போய், டிம் பிரைட் ஸ்விட்ச் வழியா சுத்தித்தான் பல்புக்கு வருது. ரெண்டு 55 வாட் பல்புக்கே 9 ஆம்பியர். மெல்லிசு வயரும் தேஞ்ச ஸ்விட்ச்சும் வழியிலேயே வோல்டைத் தின்னுடும். 10 சதவீதம் வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். இந்த வயர்ல 100/90 போட்டா சூடுதான் ஏறும்.

எஞ்சினை ஓடவிட்டு டிம்மைப் போடுங்க. பேட்டரியில 14 வோல்ட் பக்கம் காட்டணும்; அங்கேயே குறைஞ்சா ஆல்டர்னேட்டர், பெல்ட்டைப் பாருங்க. அடுத்து ஹோல்டரைக் கழட்டாம பின்பக்கமா மீட்டர் முனையை விட்டுப் பாருங்க. 12.5-தான் வருதுன்னா மீதி எங்க போச்சு? பேட்டரி நெகட்டிவுக்கும் பல்போட எர்த் பின்னுக்கும் நடுவுல வையுங்க. 0.2-க்கு மேல காட்டினா எர்த் மோசம். பாதி வண்டிங்க இங்கேயே மாட்டும். எர்த் போல்ட்டைக் கழட்டி, பெயின்ட், துரு போக உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, முறுக்கி, மேல வேசலின் தடவுங்க. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

ஒரு பக்கம் மட்டும் மங்கலா? இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்குதா? அதுவும் எர்த்தாத்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் டிம் ஒரே நேரத்துல போச்சுன்னா பல்பைச் சந்தேகப்படாதீங்க. ஃபியூஸ், ஸ்விட்ச்சைப் பாருங்க.

எர்த் சரி, இன்னும் மங்கல்னா ரிலே போடுங்க. டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 2.5 ஸ்கொயர் வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேவோட 30-ம் நம்பர் பின்னுக்கு. 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ரெண்டு ரிலேவுக்கும் தனித்தனி ஃபியூஸ் போடுங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல வீடு வந்து சேரலாம். இனி ஹெட்லைட்டுக்காகப் பழைய ஸ்விட்ச் வழியா கால் ஆம்பியர்கூடப் போகாது. ஹோல்டர் பீங்கான்ல வாங்குங்க, பிளாஸ்டிக் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சில ஜப்பானிய வகை வண்டிகள்ல ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். ஹோல்டரைக் கழட்டி, மீட்டரோட கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வச்சு, டிம், பிரைட் ரெண்டும் போட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் அதே ஒரு பின்தான் 12 வோல்ட் காட்டுதுன்னா அந்த வகை. நான் சொன்ன கணக்கு அதுக்கு ஒத்து வராது, எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க.

ஹாலஜன் கண்ணாடியை விரலால தொடாதீங்க. எண்ணெய்ப்பசை பட்ட இடம் சூடாகி பல்பு சீக்கிரம் போயிடும். ஹாலஜனுக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி பல்பு சொருகுறதும் வேண்டாம், எதிர்ல வர்றவங்க கண்ணு கூசும்.

வயர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க. தெரியும் அக்கான்னு சொல்வீங்க, ஆனா மறந்துடுவீங்க.